கிராஸ்ஹெட் பேரிங் தாங்குமா? கப்பல் டீசல் எஞ்சினுக்கு எந்தக் கணக்கு முறையைத் தேர்ந்தெடுப்பது

ஒரு சரக்குக் கப்பல். அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 80 சுற்றில் ஓடுவதற்காக வடிவமைத்த பெரிய டூ-ஸ்ட்ரோக். எரிபொருள் செலவைக் குறைக்க இனி வேகத்தைக் குறைத்து ஓட்டப்போகிறார்கள். பாதிச் சுமையிலும் எரிபொருள் சிக்கனமாக எரிய வேண்டும் என்பதால், அந்தச் சுமையில் சிலிண்டருக்குள் எழும் உச்ச அழுத்தத்தையும் உயர்த்தப்போகிறார்கள். கிராஸ்ஹெட் பேரிங், அதாவது பிஸ்டன் ராடும் கனெக்டிங் ராடும் சேரும் மூட்டில் உள்ள பேரிங், தாங்குமா என்று ஒருவர் கேட்கிறார். பதில் சொல்ல ஒரு மாதம் இருக்கிறது, கையில் ஒரு எஞ்சினியர், ஒரு கணினி. எந்த முறையில் கணக்குப் போடுவது?

இந்த மாதிரிக் கேள்வியோடு பல வருடம் வேலை செய்திருக்கிறேன். பேரிங் சிமுலேஷனுக்கு இன்று நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: மொபிலிட்டி முறை, விறைப்பான உலோகம் என்று வைத்துக்கொண்டு ரெனால்ட்ஸ் சமன்பாட்டை (எண்ணெய்ப் படலத்தின் அழுத்தத்தைச் சொல்வது) தீர்ப்பது, உலோகத்தின் நெகிழ்வையும் சேர்த்துத் தீர்க்கும் இஎச்டி, கடைசியாக எண்ணெயின் ஓட்டத்தையே முழுதாகக் கணக்கிடும் முப்பரிமாண சிஎஃப்டி. விலை ஏற ஏற உண்மைக்கு நெருங்கிப் போகிறோம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. இந்த எஞ்சின்களில் அது சரியில்லை. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கிராஸ்ஹெட் பேரிங்குக்கு இஎச்டிதான், அதுவும் எண்ணெயின் நிறைக் கணக்கைத் தவறவிடாத கேவிடேஷன் (எண்ணெய்ப் படலம் கிழிந்து வெற்றிடம் உண்டாவது) மாதிரியோடு. மற்ற பேரிங்குகளுக்கு மொபிலிட்டியில் தொடங்கி, தேவைப்பட்டால் மேலே போகலாம். சிஎஃப்டியை ஒரு சிறு மூலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

சுமை எவ்வளவு?

கோபன்ஹேகனில் வடிவமைக்கப்பட்ட ஜி95எம்இ-சி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் விட்டம் 950 மி.மீ., ஸ்ட்ரோக் 3,460 மி.மீ., வேகம் 80 சுற்று. உச்ச அழுத்தம் 200 பார் என்று வைத்துக்கொண்டால் பிஸ்டன் தலையில் விழும் விசை 1,445 டன் எடைக்குச் சமம். பேரிங்குக்கு ஒரு மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் தாராளமாகக் கொடுத்தாலும் சராசரி அழுத்தம் 140 பாரைத் தாண்டுகிறது. இத்தனையையும் தாங்குவது சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரை தடிமனுள்ள எண்ணெய்ப் படலம்.

இனி வேகத்தைக் குறைப்பதற்கு வருவோம். சுமை குறைந்தால் பேரிங்குக்கு நிம்மதிதானே என்று முதலில் தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பிஸ்டனும் கிராஸ்ஹெட்டும் மேல் முனையை எட்டும்போது அவற்றின் நிலைமம் மேல்நோக்கி இழுக்கிறது. வாயு விசையில் ஒரு பங்கை அது குறைத்துவிடுகிறது. கனெக்டிங் ராடின் நீளம் கிராங்க் ஆரத்தைப்போல் இரண்டு மடங்கு என்று எடுத்தால், 80 சுற்றில் மேல் முனையில் முடுக்கம் வினாடிக்கு வினாடி 182 மீட்டர். மேலும் கீழும் போகும் ஒவ்வொரு 10 டன் நிறைக்கும் 186 டன் நிவாரணம். பாதிச் சுமைக்கு வந்தால், புரொப்பல்லர் விதிப்படி (சக்தி வேகத்தின் முப்படிக்கேற்ப மாறும்) வேகம் ஏறத்தாழ 63.5 சுற்றாகும். அப்போது அதே 10 டன்னுக்கு நிவாரணம் 117 டன்தான்.

பாதிச் சுமையின் உச்ச அழுத்தத்தை 170 பாருக்கு உயர்த்தியிருக்கிறார்கள் என்று வைப்போம். வாயு விசை 1,228 டன். நகரும் நிறை 10 டன் என்று வைத்து நிவாரணத்தைக் கழித்தால் 1,111. முழுச் சுமையில் இதே கழித்தல் 1,259 தருகிறது. அதாவது சுமை 12 சதவீதம் குறைந்திருக்கிறது, வேகமோ 20 சதவீதம் குறைந்துவிட்டது. எண்ணெயை இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போவது வேகம்தான். ஆக, பாதிச் சுமையில் படலம் முழுச் சுமையைவிட மெல்லியதாகிவிடக்கூடும். உச்ச அழுத்தமும் உச்ச நிலைமமும் ஒரே கணத்தில் வருவதாக வைத்துப் போட்ட தோராயக் கணக்கு இது. ஆனாலும் போக்கு சரி. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் முழுச் சுமையை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

மூன்று பேரிங், மூன்று குணம்

முறையைப் பற்றிப் பேசும் முன் எந்த பேரிங் என்று கேட்க வேண்டும். கிராங்க்ஷாஃப்டைத் தாங்கும் மெயின் பேரிங்கில் ஜர்னல் (பேரிங்குக்குள் இருக்கும் தண்டுப் பகுதி) முழுச் சுற்றுச் சுற்றுகிறது. எண்ணெய் ஆப்பு போலத் திரண்டு தண்டைத் தூக்கிப் பிடிக்கிறது. அங்கே தலைவலி வேறு: கிராங்க்ஷாஃப்ட் பல பேரிங்குகளின் மேல் கிடக்கும் ஒரு நீண்ட தண்டு. எந்த பேரிங் எவ்வளவு தாங்குகிறது என்பது அடித்தளத்தின் விறைப்பையும், வரிசையையும், கப்பல் சரக்கோடு இருக்கிறதா, சரக்கில்லாமல் பாலஸ்ட் நீரோடு இருக்கிறதா என்பதையும் பொறுத்து மாறும். டயல் கேஜ் வைத்து கிராங்க் டிஃப்ளெக்ஷன் (தண்டு எவ்வளவு வளைகிறது என்ற அளவு) எடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கனெக்டிங் ராடின் கீழ் முனையில் உள்ள கிராங்க்பின் பேரிங்கில் சுமையின் திசை நன்றாகச் சுழல்வதால் எண்ணெய் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. மூன்றில் அது சாது.

கிராஸ்ஹெட் பேரிங் அப்படி இல்லை. அங்கே முழுச் சுற்றே கிடையாது. நாம் எடுத்த ராடு விகிதத்தில் கனெக்டிங் ராடு இந்தப் பக்கம் 30 டிகிரி, அந்தப் பக்கம் 30 டிகிரி ஊசலாடும். ஒவ்வொரு முனையிலும் வேகம் சுழியாகிவிடும்; அந்தக் கணத்தில் ஆப்பு வேலை செய்யாது. நல்ல வேளையாக, எரியழுத்தம் உச்சத்துக்கு வரும் நேரத்தில், அதாவது மேல் முனையைத் தாண்டிய சில டிகிரிகளில், ஊசல் வேகமும் உச்சத்துக்கு அருகில் இருக்கிறது. ஆனால் அந்த உச்சமே கிராங்க் வேகத்தில் பாதிதான்.

இதைவிடப் பெரிய சங்கடம், சுமை எப்போதும் கீழ்நோக்கியே இருப்பது. நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கின் முடிவில் சிலிண்டரில் அழுத்தம் இருக்காது. நிலைமம் பிஸ்டனை மேலே தூக்கும், பேரிங்கின் கீழ்ப்பக்கம் திறக்கும், எண்ணெய் உள்ளே பாயும். டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் அழுத்திய காற்று தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் கீழ்ப்பக்கம் திறப்பதே இல்லை. பிழிந்து வெளியேறிய எண்ணெய் எப்படித் திரும்பி வரும்?

இதற்கு வடிவமைப்பாளர்கள் இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, கீழ் ஷெல்லில் (பேரிங்கின் கீழ்ப் பாதி உறையில்) அச்சுக்கு இணையாகச் சில பள்ளங்களை வெட்டுவது. ஊசல் வீச்சைவிடப் பள்ளங்களின் இடைவெளி குறைவாக இருந்தால், பேரிங்குக்குள் இருக்கும் கிராஸ்ஹெட் பின்னின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றுக்குள் ஏதாவது ஒரு பள்ளத்தைக் கடந்து புது எண்ணெய் பூசிக்கொள்ளும். இன்னொன்று, எண்ணெயையே அதிக அழுத்தத்தில் கொடுத்து பின்னைச் சற்றுத் தூக்கிவிடுவது. வின்டர்தூரில் உருவான சுல்சர் ஆர்டிஏ வரிசையில் கிராஸ்ஹெட்டுக்கென்றே தனிப் பம்ப் வைத்து 10, 12 பார் அளவில் கொடுத்தார்கள். மற்ற பேரிங்குகளுக்கு அதில் பாதிகூடப் போவதில்லை. பள்ளம் அதிகமானால் தாங்கும் பரப்பு குறைகிறது, பள்ளம் குறைந்தால் எண்ணெய் எட்டாத பட்டை உண்டாகிறது. இந்த இழுபறியைக் காட்ட முடியாத கணக்கு முறை கிராஸ்ஹெட்டுக்கு உதவாது. முறைகளை எடை போட எனக்கு இதுதான் தராசு.

மொபிலிட்டி: ஒரு பக்கக் கணக்கு

1965-இல் புக்கர் வெளியிட்ட முறை இது. யோசனை அழகானது. ஜர்னல் இப்போது எங்கே இருக்கிறது, சுமை எந்தத் திசையில் எவ்வளவு என்று சொல்லிவிட்டால், அது அடுத்து எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக நகரும் என்பதை முன்பே போட்டு வைத்த ஒரு வரைபடம் சொல்லிவிடும். அழுத்தச் சமன்பாட்டை ஒவ்வொரு படியிலும் தீர்க்க வேண்டியதில்லை. ஒரு முழுச் சுழற்சி கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். 600 சுற்றில் ஓடிய ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி டீசல் எஞ்சின் ஒன்றின் பிக்-எண்ட் (அதாவது கிராங்க்பின்) பேரிங்கைப் பல ஆய்வாளர்கள் பொதுச் சோதனைக் கணக்காக எடுத்துக்கொண்டார்கள். புது நிரல் எழுதுபவர்கள் இன்றும் அதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

பேரிங் விறைப்பானது, கச்சிதமான வட்டம், வழவழப்பானது, எண்ணெயின் பாகுநிலை எங்கும் ஒன்றே, எண்ணெய்க்குப் பஞ்சமே இல்லை: இவைதான் மொபிலிட்டியின் அனுமானங்கள். கடைசி அனுமானத்தைப் பாருங்கள். கிராஸ்ஹெட்டில் முதலில் உடைவதே அதுதான். பள்ளம் எங்கே இருக்கிறது என்பதே அந்த வரைபடத்துக்குத் தெரியாது.

ஆனாலும் நான் இந்த முறையைத் தூக்கிப்போடச் சொல்ல மாட்டேன். மெயின், கிராங்க்பின் பேரிங்குகளுக்கு இருபது சுமை நிலை, ஐந்து கிளியரன்ஸ் (தண்டுக்கும் பேரிங்குக்கும் உள்ள இடைவெளி), மூன்று எண்ணெய் வெப்பநிலை என்று முந்நூறு கணக்கை ஒரு மதியத்தில் ஓட்டி முடிக்கலாம். எந்த நிலை மோசம் என்று வரிசைப்படுத்த இதைவிடச் சிறந்த கருவி இல்லை. வரும் படலத் தடிமனை அப்படியே நம்ப வேண்டாம். போன எஞ்சினோடு ஒப்பிடும்போது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். முப்பது வருடம் நன்றாக ஓடிய ஒரு எஞ்சின் வரிசையின் எண்கள் கையில் இருந்தால் அந்த ஒப்பீடே போதுமானதாக இருக்கும் சந்தர்ப்பங்கள் நிறைய.

ரெனால்ட்ஸ், விறைப்பான உலோகத்தோடு

1880-களில் பீச்சம் டவர் ரயில் அச்சு பேரிங்குகளை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காக மேலே போட்ட துளை வழியாக எண்ணெய் பொங்கி வெளியே வந்தது. தக்கையால் அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானியை வைத்தால் முள் அளவுகோலைத் தாண்டிப் போனது. எண்ணெய்க்குள் இவ்வளவு அழுத்தம் எப்படி வந்தது என்பதை விளக்க ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் எழுதிய சமன்பாட்டில்தான் இன்றைக்கும் எல்லா பேரிங் மென்பொருளும் நிற்கிறது.

அதைக் கட்டம் போட்டு எண் முறையில் தீர்த்தால், மொபிலிட்டியால் முடியாத ஒன்று முடிகிறது: பள்ளம், துளை, பாக்கெட் எல்லாவற்றையும் உள்ள இடத்தில் வைக்கலாம். கிராஸ்ஹெட்டுக்கு இதுவே பெரிய முன்னேற்றம். ஆனால் எண்ணெய்ப் படலம் கிழியும் இடத்தை எப்படிக் கையாள்வது என்பதில்தான் பல நிரல்கள் சறுக்குகின்றன. எளிய வழி, கணக்கில் எதிர்மறை அழுத்தம் வந்தால் அதைச் சுழியாக்கிவிடுவது. கொஞ்சம் மேலான வழி, கிழியும் எல்லையில் அழுத்தச் சரிவும் சுழியாக வேண்டும் என்ற நிபந்தனை. இரண்டும் படலம் எங்கே கிழிகிறது என்பதைச் சொல்லும். கிழிந்த இடம் மறுபடி எப்போது நிறைகிறது என்பதைச் சரியாகச் சொல்லாது. எண்ணெய் நடுவில் எங்கோ காணாமல் போகும், எங்கிருந்தோ வந்தும் விடும்.

ஜேக்கப்சனும் ஃப்ளோபெர்கும் 1957-இலும், ஓல்சன் 1965-இலும் நிறைக் கணக்கு தவறாத எல்லை நிபந்தனைகளைக் கொடுத்தார்கள். எல்ராட் 1981-இல் அதைக் கணினியில் ஓடக்கூடிய வழிமுறையாக்கினார். ஒவ்வொரு கட்டத்திலும் இடுக்கின் எத்தனை பங்கு எண்ணெயால் நிறைந்திருக்கிறது என்பதை இது கணக்கு வைத்துக்கொள்கிறது. கிராஸ்ஹெட்டின் முழுக் கேள்வியுமே போன எண்ணெய் திரும்பி வந்ததா என்பதுதான். அதனால் இந்த மாதிரி இல்லாத மென்பொருளில் கிராஸ்ஹெட் கணக்குப் போடுவது வீண். மென்பொருள் வாங்கும்போது விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

ஒருமுறை, பள்ளங்களைக் குறைத்தால் படலம் தடிக்கும் என்று எங்கள் கணக்கு காட்டியது. தாங்கும் பரப்பு கூடுவதால் அது நியாயமாகவும் தெரிந்தது. நிறைக் கணக்கு தவறாத மாதிரிக்கு மாற்றி ஓட்டியபோது நடுப் பட்டையில் நிரப்பு விகிதம் ஒவ்வொரு சுழற்சியிலும் இறங்கிக்கொண்டே போனது. ஐந்தாறு சுழற்சியில் அந்த இடம் பாதி காலி. முதல் கணக்கு ஒவ்வொரு சுழற்சியையும் நிறைந்த படலத்தோடு தொடங்கியிருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து விடை ஒரு நிலைக்கு வரும் வரை பல சுழற்சிகளை ஓட்டாமல் எந்தக் கிராஸ்ஹெட் முடிவையும் நான் கையெழுத்துப் போட்டு அனுப்புவதில்லை.

இஎச்டி: உலோகம் வளைகிறது

பெரிய எஞ்சினைப் பார்ப்பவருக்கு அது மலை மாதிரித் தெரியும். ஆர்டி-ஃப்ளெக்ஸ்96சி எஞ்சினின் 14 சிலிண்டர் வடிவம் 2,300 டன் எடை. அதன் கிராங்க்ஷாஃப்ட் மட்டும் 300 டன். இவ்வளவு இரும்பு வளையுமா என்று தோன்றும். ஆனால் பேரிங்கின் கிளியரன்ஸ் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். படலமோ அதிலும் மிகச் சிறிய பங்கு. ஆயிரம் டன்னுக்கு மேல் சுமை விழும்போது கிராஸ்ஹெட் பின் வளைவதும், கனெக்டிங் ராடின் தலை விரிவதும் படலத்தின் தடிமனைவிடப் பல மடங்கு அதிகம். விறைப்பான உலோகம் என்ற அனுமானம் இங்கே சிறிய பிழையாக இருக்காது. அழுத்தத்தின் வடிவமே மாறிவிடுகிறது.

விறைப்பான கணக்கில் அழுத்தம் ஒரு கூர்மையான குன்றாக எழும், படலம் ஓர் இடத்தில் மிக மெல்லியதாகும். நெகிழ்வைச் சேர்த்தால் உலோகம் அந்தக் குன்றுக்கு வழிவிட்டுக் குழிகிறது. அழுத்தம் பரவித் தட்டையாகிறது. நடுவில் படலம் தடிக்கிறது. இதுவரை நல்ல செய்தி. ஆனால் பின் வளைவதால் ஷெல்லின் இரண்டு ஓரங்களிலும் படலம் மெலிந்து விளிம்பில் அழுத்தம் குவிகிறது. பேரிங்கின் உட்பக்கம் பூசும் மென்மையான உலோகக் கலவையான ஒயிட் மெட்டலில் களைப்பு வெடிப்பு இப்படி அழுத்தம் குவியும் இடங்களில்தான் தொடங்கும்; அது விளிம்பா, நடுவா, பள்ளத்தின் ஓரமா என்பதை விறைப்பான கணக்கால் சொல்ல முடியாது. நடுவில் ஆபத்து என்று அது காட்டும், பழுது ஓரத்தில் வரும்.

அழுத்தம் ஏறும்போது எண்ணெயும் தடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். கனிம எண்ணெயில் 500 பாருக்குப் பாகுநிலை ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும். பெரிய எஞ்சின்களில் அழுத்தம் அந்த எல்லைக்கு எளிதாகப் போவதால் இதை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு படலத்தைத் தேவைக்கு மேல் மெலிதாகக் காட்டும்.

கணக்கு எப்படி நடக்கிறது? கனெக்டிங் ராடையும் பின்னையும் கிராங்க்ஷாஃப்டையும் ஃபைனைட் எலிமென்ட் (சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும்) மாதிரியாகக் கட்ட வேண்டும். பேரிங் பரப்பில் நெருக்கமான கட்டம் வேண்டும். பிறகு 1968-இல் கிரெய்க்கும் பாம்ப்டனும் கொடுத்த குறுக்க முறையால் லட்சக்கணக்கான மாறிகளைச் சில நூறாகச் சுருக்கி, ஒவ்வொரு காலப் படியிலும் எண்ணெய்ச் சமன்பாட்டோடு சேர்த்துத் தீர்க்க வேண்டும். கிராட்ஸ் நகரத்து ஏவிஎல் நிறுவனத்தின் எக்ஸைட் போன்ற மென்பொருட்கள் இதைத்தான் செய்கின்றன. ஒரு பேரிங்குக்கு ஒரு சுமை நிலை சில மணி நேரம் எடுக்கும். முழுக் கிராங்க்ஷாஃப்ட் என்றால் நாள் கணக்கு. அதைவிட அதிக நேரம் பிடிப்பது மாதிரியைக் கட்டுவது. அனுபவமுள்ள ஒருவருக்கு இரண்டு மூன்று வாரம்.

மெல்லிய படலத்தில் உலோகத்தின் சொரசொரப்பும் கணக்குக்குள் வர வேண்டும். சொரசொரப்பு எண்ணெயோட்டத்தை எப்படி மாற்றுகிறது என்பதற்கு பாடிர், செங் இருவரும் 1978-இல் கொடுத்த மாதிரியும், முகடுகள் உரசும்போது எவ்வளவு சுமையைத் தாங்குகின்றன என்பதற்கு கிரீன்வுட், டிரிப் இருவரின் மாதிரியும் பெரும்பாலான மென்பொருளில் இருக்கின்றன. இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதை அனுபவிக்காமல் கற்றுக்கொள்ள முடியாது என்று நினைக்கிறேன். படத்தில் உள்ள கச்சிதமான வடிவத்தோடு இஎச்டி ஓட்டினால் ஷெல் ஓரத்தில் சிவப்பாக உரசல் தெரியும். பதறிப்போய் வடிவத்தை மாற்றச் சொல்லத் தோன்றும். ஒயிட் மெட்டல் மென்மையானது. முதல் சில மணி ஓட்டத்திலேயே ஓரத்தில் சில மைக்ரான் தேய்ந்து பின்னின் வளைவுக்குப் பொருந்திக்கொள்ளும். அதற்காகத்தானே அதைப் போடுகிறோம். எனவே முதல் ஓட்டத்தில் உரசும் இடத்தில் சிறிது தேய்த்து, அந்தத் தேய்ந்த வடிவத்தை மறுபடி உள்ளே கொடுத்து ஓட்ட வேண்டும். இரண்டு மூன்று சுற்றில் உரசல் அடங்கினால் பேரிங் பழகிக்கொள்ளும். அடங்காமல் தேய்மானம் உள்ளே உள்ளே போனால் அப்போது கவலைப்படலாம்.

வெப்பம்

நடுத்தர வேக நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு வெப்பச் சமன்பாட்டைச் சேர்ப்பது அவசியம். மெதுவாக ஓடும் டூ-ஸ்ட்ரோக்கில் நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். ஒரு மீட்டர் ஜர்னலின் மேற்பரப்பு 80 சுற்றில் வினாடிக்கு 4.2 மீட்டர்தான் நகர்கிறது. உராய்வு வெப்பம் அதற்கேற்பக் குறைவு. ஆனால் பாகுநிலைக்கு எந்த வெப்பநிலையை எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். எஸ்ஏஇ 30 எண்ணெய் 40 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் இடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக நீர்த்துவிடும். எண்ணெய் 45 டிகிரியில் உள்ளே வருகிறது என்பதற்காக அதையே படலத்துக்கும் எடுத்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். வெளியேறும் எண்ணெயின் அளந்த வெப்பநிலையை வாங்கி இரண்டுக்கும் நடுவில் ஒன்றும், பத்து டிகிரி மேலே ஒன்றும் ஓட்டிப் பாருங்கள்.

சிஎஃப்டி: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

முப்பரிமாணத்தில் திரவ ஓட்டத்துக்கான முழுமையான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டையே தீர்க்கும்போது ரெனால்ட்ஸின் எளிமையாக்கல்கள் எதற்கு என்று இளம் எஞ்சினியர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அந்த எளிமையாக்கல்கள் இங்கே எவ்வளவு சரி என்று பார்த்தால் பதில் கிடைக்கும். வினாடிக்கு 4.2 மீட்டர் வேகம், அரை மில்லிமீட்டர் இடுக்கு, வெதுவெதுப்பான எண்ணெய் என்று போட்டால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்று காட்டும் எண்) 50-க்குப் பக்கத்தில் வருகிறது. கொந்தளிப்பான ஓட்டம் தொடங்க அது ஆயிரத்தைத் தாண்ட வேண்டும். படலத்தின் மெல்லிய இடத்தில் எண் ஒன்றை ஒட்டி வந்துவிடும். சிஎஃப்டி கூடுதலாகச் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

கட்டத்தைப் பாருங்கள். ஒரு மீட்டர் ஜர்னலின் சுற்றளவு 3.14 மீட்டர், படலம் 10 மைக்ரான். விகிதம் மூன்று லட்சத்துக்கு ஒன்று. தடிமனில் பத்து அடுக்கு வைத்து, ஒவ்வொரு கட்டமும் தடிமனைப்போல் நூறு மடங்கு நீளம் இருக்கலாம் என்று தாராளம் காட்டினாலும், ஒரு மீட்டர் நீள பேரிங்குக்கு 300 கோடிக்கு மேல் கட்டங்கள் வேண்டும். அதோடு ஜர்னல் நகர்கிறது, உலோகம் வளைகிறது. இத்தனை செலவு செய்தவர்கள் பெரும்பாலும் உலோக நெகிழ்வை விட்டுவிடுகிறார்கள். அப்போது முக்கியமானதை விட்டுவிட்டு முக்கியமில்லாததைத் துல்லியமாகக் கணக்கிட்டதாகிறது.

சிஎஃப்டிக்கு உரிய இடம் பள்ளத்தின் உள்பக்கம். ஊசலாடும் ராடுக்குள் எண்ணெய்த் துளை வழியாக வரும் எண்ணெய் பள்ளத்தை முனை வரை நிரப்புகிறதா, காற்றுக் குமிழ் எங்கே தங்குகிறது, துளையின் விளிம்பில் கேவிடேஷன் அரிப்பு ஏன் வருகிறது என்பதற்கெல்லாம் ரெனால்ட்ஸ் சமன்பாட்டில் பதில் கிடையாது. பள்ளத்தின் ஆழம் சில மில்லிமீட்டர், அங்கே ஓட்டம் முப்பரிமாணம். அந்தச் சிறு பகுதியை மட்டும் ஓப்பன்ஃபோம் போன்ற இலவச மென்பொருளில் கட்டி, கிடைக்கும் பள்ள அழுத்தத்தை இஎச்டிக்கு எல்லை நிபந்தனையாகக் கொடுக்கலாம். பள்ளம் எங்கும் ஒரே அழுத்தம் என்று வைத்துக்கொள்வதுதான் வழக்கம். அது செல்லுமா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு சிஎஃப்டி ஓட்டம் போதும்.

யாருக்கு எது

கப்பல் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவில் இருந்துகொண்டு வேகக் குறைப்பைப் பற்றி முடிவெடுக்கிறீர்கள் என்றால், நீங்களே இஎச்டி ஓட்ட வேண்டியதில்லை. சிலிண்டர் அழுத்த வரைபடங்களை 30, 50, 70, 85 சதவீதச் சுமைகளில் எடுங்கள். மேலே நான் போட்ட கழித்தல் கணக்கை ஒவ்வொன்றுக்கும் போடுங்கள். மெயின், கிராங்க்பின்னுக்கு மொபிலிட்டி ஓட்டுங்கள். சுமைக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் எந்தச் சுமையிலாவது முழுச் சுமையைவிட மோசமானால், அந்த நிலைக்குக் கிராஸ்ஹெட் இஎச்டி முடிவைத் தரச் சொல்லி எஞ்சின் வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். எத்தனை சுழற்சி ஓட்டினார்கள், கேவிடேஷன் மாதிரி எது, தேய்ந்த வடிவமா புது வடிவமா என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

உதிரி ஷெல் தயாரிப்பவர், அல்லது பள்ள வடிவத்தை மாற்ற நினைப்பவர் என்றால் இஎச்டியைத் தவிர்க்க வழியில்லை. இரண்டு மாதமும் அனுபவமுள்ள ஒருவரும் வேண்டும். ஆள் இல்லாமல் மென்பொருள் உரிமத்தை மட்டும் வாங்கிய இடங்களில் வண்ணப் படங்கள் மட்டும்தான் மிஞ்சியதைப் பார்த்திருக்கிறேன்.

ஆய்வு மாணவராக இருந்தால் மொபிலிட்டியைப் பைத்தானில் நீங்களே எழுதுங்கள். இருநூறு வரிக்குள் முடியும். அப்புறம் எல்ராட் வழிமுறை. அந்த இரண்டையும் கையால் எழுதியவருக்கு இஎச்டி மென்பொருள் சொல்வதில் எதை நம்பலாம் என்ற தெளிவு வரும்.

எந்த வழியில் போனாலும், கணக்குக்குள் போகும் வடிவம் உண்மையான வடிவமாக இருக்கட்டும். படத்தில் உள்ள கிளியரன்ஸ் ஒன்று, ஃபீலர் கேஜில் கப்பலில் அளந்தது இன்னொன்று. பின்னை எடுத்தால் அதன் வட்டத் திரிபையும் மேற்பரப்பையும் அளக்கச் சொல்லுங்கள். பேரிங் தேய்மானத்தைக் கண்காணிக்கும் சென்சார்கள் கைடு ஷூவின் (கிராஸ்ஹெட்டை நேராக ஓடவைக்கும் சறுக்குக் கட்டையின்) கீழ் நிலையை ஒவ்வொரு சுற்றிலும் பதிவு செய்கின்றன. வேகம் குறைத்த பிறகு முதல் ஆயிரம் மணி நேரத்துக்கான அந்தப் பதிவை, வேகம் குறைப்பதற்கு முந்தைய ஆயிரம் மணியோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்கு காட்டிய தேய்மானத்துக்கும் சென்சார் காட்டியதற்கும் வித்தியாசம் இருந்தால், முதலில் பாகுநிலைக்கு எடுத்த வெப்பநிலையையும், பிறகு பள்ளத்தின் எண்ணெய் அழுத்தத்தையும் சரிபாருங்கள். எனக்குப் பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றில்தான் தவறு அகப்பட்டிருக்கிறது.